கத்தி தொடுமுன் தோல்

ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டால் வீட்டில் பல வேலைகள் தானாக நடக்க ஆரம்பித்துவிடும். காப்பீட்டு அட்டையைத் தேடி எடுப்பார்கள். ரத்தம் கொடுக்க ஆள் பார்ப்பார்கள். கூடமாட இருக்க ஊரிலிருந்து அத்தையையோ சித்தியையோ வரவழைப்பார்கள். பிளாஸ்க், டம்ளர், போர்வை, மாற்றுத்துணி எல்லாம் ஒரு பையில் ஏறிவிடும். குலதெய்வத்துக்கு ஒரு வேண்டுதலும் வைத்துவிடுவார்கள். நோயாளியின் தோலைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. அப்படியே யோசித்தாலும், கடையில் பிளேடு வாங்கி வந்து வீட்டிலேயே மழித்துவிடுவதோடு சரி. அதுதான் செய்யவே கூடாத காரியம்.

தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் செவிலியராக வேலை பார்க்கிறேன். கத்தியை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை என்று வெளியே நினைப்பார்கள். கத்தி வைப்பதற்கு முந்தைய கால் மணி நேரமும், அதற்கும் முந்தைய நாளும் எங்களுக்கு மிக முக்கியம். அந்த நேரத்தில் தோலைச் சரியாகக் கவனித்தால், பிறகு வரக்கூடிய சீழ், காய்ச்சல், தையல் விட்டுப்போவது, மறுபடி மேசையில் படுப்பது என்ற பல துன்பங்களைத் தவிர்க்கலாம். அந்தக் கவனிப்பில் பாதி எங்கள் கையில் இருக்கிறது. மீதிப் பாதி நோயாளியின் வீட்டில் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

ஆபரேஷன் புண்ணில் சீழ் வைத்தால், "தியேட்டர் சுத்தமில்லை" என்றோ "கத்தி, கத்தரியைச் சரியாகக் கழுவவில்லை" என்றோதான் முதலில் சொல்வார்கள். அப்படியும் நடக்கலாம். அதைக் கண்காணிப்பது மருத்துவமனையின் கடமை. ஆனால் பெரும்பாலான புண்களில் சீழ் வைக்கும் கிருமி நோயாளியின் உடம்பிலேயே, அவருடைய தோலிலேயே குடியிருந்த கிருமிதான்.

இதில் பயப்பட எதுவும் இல்லை. எல்லோர் தோலிலும் பாக்டீரியா உண்டு. அக்குள், தொடையிடுக்கு, தொப்புள் போன்ற ஈரமும் மடிப்பும் உள்ள இடங்களில் அவை ஏராளமாக வாழ்கின்றன. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை அதிகம். அந்தக் குடும்பத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற வகை ஏறத்தாழ பத்துப் பேரில் மூன்று பேருடைய மூக்குக்குள் இருக்கிறது. தோல் முழுதாக இருக்கிறவரை இவற்றால் நமக்குத் தொல்லை இல்லை. தோல் பிளந்து, அடியில் இருக்கும் கொழுப்புக்கும் தசைக்கும் இவை இறங்கிவிட்டால்தான் ஆபத்து.

எவ்வளவு கிருமி உள்ளே போனால் புண் பழுக்கும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு கிராம் திசுவில் சுமார் ஒரு லட்சம் கிருமிகளுக்கு மேல் சேர்ந்தால் தொற்று வரும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது. ஆனால் அதே இடத்தில் பட்டுநூல் தையல் போன்ற ஓர் அந்நியப் பொருள் இருந்துவிட்டால், நூறு கிருமிகளே போதும். குடலிறக்கத்துக்கு வைக்கும் வலை, எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட், மாற்று மூட்டு எல்லாமே அந்நியப் பொருள்தான். அந்த ஆபரேஷன்களில் தோல் சுத்தத்துக்கு நாங்கள் இரண்டு மடங்கு கவனம் கொடுப்பது இதனால்தான்.

கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் வைத்து 121 டிகிரி நீராவியில் வேகவைத்து எடுக்கலாம். ஒரு கிருமியும் மிஞ்சாது. நோயாளியின் தோலை அப்படிச் செய்ய முடியாது. மேல்பரப்பில் இருப்பவற்றைக் கொல்லலாம். மயிர்க்கால்களிலும் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஆழத்தில் இருப்பவற்றில் ஒரு பகுதி எந்த மருந்துக்கும் எட்டாது. ஆகவே தோலைத் தயார்செய்வது என்றால், கிருமிகளின் எண்ணிக்கையை முடிந்தவரை குறைத்து, ஆபரேஷன் முடியும்வரை அவை திரும்பப் பெருகாமல் பார்த்துக்கொள்வது.

உலக சுகாதார நிறுவனம் 2016-ல் இதற்கென்றே தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் 11 சதவீதம் பேருக்குத் தொற்று வருகிறது என்று அப்போது அது சொன்னது. வயிற்று ஆபரேஷன்களை மட்டும் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். இந்தியா உட்பட ஏழு நாடுகளின் 54 மருத்துவமனைகளில் நடந்து, 2021-ல் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வில் 22 சதவீதம் பேருக்குப் புண்ணில் தொற்று வந்தது. ஐந்து பேரில் ஒருவருக்கும் மேல்.

தினக்கூலிக்குப் போகிற ஒருவருக்கு இதன் பொருள் என்ன என்பதை வார்டில் பார்க்கிறோம். பத்து நாளில் வேலைக்குத் திரும்ப வேண்டியவர் ஒரு மாதம் கட்டு மாற்ற வந்துகொண்டிருப்பார். கூட வருகிற மனைவியின் கூலியும் போகும்.

பிளேடு வேண்டவே வேண்டாம்

ஒருமுறை குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒருவர் வந்தார். சொந்தமாகப் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், எதையும் ஒழுங்காகச் செய்யும் மனிதர். மேசையில் படுத்ததும் துணியை விலக்கிப் பார்த்தேன். அடிவயிறும் தொடையிடுக்கும் வழவழவென்று மழிக்கப்பட்டிருந்தன. ஆனால் தோலெங்கும் சிவப்புப் பொட்டுகள், அங்கங்கே மெல்லிய கீறல்கள். இரண்டு இடங்களில் மயிர்க்காலைச் சுற்றிச் சின்னதாகச் சீழ்க்கொப்புளம்.

"அண்ணாச்சி, யாரு இப்படிச் செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல சிஸ்டர். உங்க முன்னால வெக்கமா இருக்குமேன்னு முந்தாநாள் நானே செஞ்சுட்டேன்."

டாக்டர் வந்து பார்த்தார். வலை வைக்கவேண்டிய இடத்தில் சீழ்க்கொப்புளம் இருக்கும்போது கத்தி வைக்க முடியாது என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். தோல் ஆறிய பிறகு அவரை வரவழைத்து நல்லபடியாகச் செய்து அனுப்பினோம். கடையை அடைத்துவிட்டு, பட்டினி கிடந்து வந்தவர் அன்று வெறுமனே திரும்பிப் போகவேண்டியிருந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் மருத்துவமனையே அதைத்தான் செய்தது. ஆபரேஷனுக்கு முந்தைய மாலை ரேசரோடு ஒருவர் வார்டுக்கு வருவார். வரிசையாக மழித்துவிட்டுப் போவார். மார்பு முதல் முழங்கால் வரை மழித்தால்தான் சுத்தம் என்று எல்லோரும் நம்பினோம். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ரேசர் முடியோடு சேர்த்துத் தோலின் மேலடுக்கையும் செதுக்குகிறது. அந்தக் கீறல்கள் கண்ணுக்குத் தெரியாது; எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். அந்தக் கீறல்களில் நீர் கசியும். அங்கே கிருமிகள் ராத்திரி முழுக்கப் பெருகும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1971-ல் செரோபியன், ரெனால்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ரேசரால் மழித்தவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. முடியை எடுக்காமலே விட்டவர்களிலும், களிம்பு போட்டு எடுத்தவர்களிலும் 0.6 சதவீதம்தான். எப்போது மழித்தார்கள் என்பதிலும் பெரிய வித்தியாசம் இருந்தது. ஆபரேஷனுக்குச் சற்று முன்பு மழித்தவர்களில் 3.1 சதவீதம், 24 மணி நேரத்துக்குள் மழித்தவர்களில் 7.1 சதவீதம், அதற்கும் முன்னால் மழித்தவர்களில் 20 சதவீதத்துக்கு மேல். நம் அண்ணாச்சி செய்தது இந்தக் கடைசி வகை.

கனடாவின் கால்கரி நகரில் பீட்டர் க்ரூஸ் என்ற மருத்துவர் தன் குழுவோடு பத்து ஆண்டுகள் ஒவ்வொரு ஆபரேஷன் புண்ணையும் தொடர்ந்து கவனித்து, 62,939 புண்களின் கணக்கை 1980-ல் வெளியிட்டார். சுத்தமான ஆபரேஷன்களில் மழித்தவர்களுக்கு 2.5 சதவீதம், முடியைக் கத்தரித்தவர்களுக்கு 1.7 சதவீதம், எதுவுமே செய்யாதவர்களுக்கு 0.9 சதவீதம் தொற்று. முடியைத் தொடாமல் விட்டதே நல்லதாக இருந்தது.

இப்போதைய விதி எளிது. முடியை எடுக்கத் தேவையில்லை. வெட்டும் இடத்தில் அடர்த்தியாக இருந்து, தையலுக்கும் பிளாஸ்திரிக்கும் தடையாக இருக்கும் என்றால் மட்டும், தேவையான அளவுக்கு, கிளிப்பரால் கத்தரித்துவிடுவோம். கிளிப்பரின் பல் தோலைத் தொடாமல் மேலாகவே ஓடும். அரும்பு அளவுக்கு முடி மிஞ்சும். மிஞ்சட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஆபரேஷனுக்கு எவ்வளவு நெருக்கமாகச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. கிளிப்பர் இல்லாத இடங்களில் ரேசரை எடுப்பது இன்னும் நடக்கிறது. மற்ற செலவுகளோடு பார்த்தால் கிளிப்பர் பெரிய செலவில்லை. ஒவ்வொரு தியேட்டரும் அதை வாங்கிவைக்க வேண்டும். ஒரு நோயாளிக்குப் போட்ட கிளிப்பர் தலையை அடுத்தவருக்குப் போடக்கூடாது.

வெட்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அது உடம்பின் இன்னொரு பகுதி, அவ்வளவுதான். தேவையில்லாமல் ஒரு விரற்கடை கூடத் திறக்க மாட்டோம். ஆண் நோயாளிக்கு ஆண் பணியாளர் வேண்டும், பெண்ணுக்குப் பெண் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

குளியல், எண்ணெய், மஞ்சள், அரைஞாண்

முந்தைய நாள் இரவோ அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். முடிந்தால் இரண்டு வேளையும் குளிக்கலாம். விலையுயர்ந்த மருந்து சோப்பு கட்டாயம் இல்லை. சாதாரண சோப்பானாலும் கிருமிநாசினி சோப்பானாலும் சரி என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நன்றாகத் தேய்த்து, நன்றாக அலசுவதுதான் முக்கியம். சோப்பு நுரை தோலில் மிஞ்சினால், நாங்கள் பிறகு போடும் குளோர்ஹெக்சிடின் என்ற மருந்தின் வேகத்தை அது குறைத்துவிடும்.

அக்குள், மார்புக்கு அடி, வயிற்று மடிப்பு, தொடையிடுக்கு, விரலிடுக்கு: இந்த இடங்களை வயதானவர்கள் எட்டித் தேய்க்க முடியாது. வீட்டில் உள்ளவர்கள் உதவ வேண்டும். தொப்புளை மறந்துவிடாதீர்கள். வயிற்று ஆபரேஷனுக்கு வருகிறவர்களின் தொப்புளில் கறுத்துக் கெட்டித்துப்போன அழுக்கை மேசையில் வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. முந்தைய நாளே இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, ஊறிய பிறகு பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் போதும்.

அந்த எண்ணெயையும் கழுவித்தான் ஆக வேண்டும். குளித்து முடித்தபின் உடம்பில் எண்ணெய் இருக்கக்கூடாது. நம் வீடுகளில் ஆபரேஷனுக்குப் போகிற பிள்ளையை அப்படியே அனுப்ப மனசு வராது. தலைக்கு எண்ணெய் தடவி வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, வயிற்றிலும் கொஞ்சம் பூசிவிடுவார்கள். பிரசவ ஆபரேஷனுக்கு வருகிற பெண்ணுக்குப் பாட்டி அடிவயிற்றில் மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி அனுப்பியிருப்பார். அத்தனையும் பாசம். ஆனால் எண்ணெய் படிந்த தோலில் மருந்து ஒட்டாது. மஞ்சளும் பவுடரும் படிந்திருந்தால் தோலில் சிவப்பு இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று எங்களால் பார்க்க முடியாது. திருநீறு நெற்றியோடு இருக்கட்டும். வெட்டும் பக்கத்துக்கு வேண்டாம்.

அடுத்தது அரைஞாண் கயிறு. ஆண்டுக்கணக்காக இடுப்பிலேயே இருந்து, வியர்வையும் அழுக்கும் ஊறி, சரியாகக் குடலிறக்க ஆபரேஷனும் சிசேரியனும் நடக்கிற இடத்தில் கிடக்கும். அதை எடுத்துவிட்டு வர வேண்டும். கையில், கழுத்தில் கட்டிய மந்திரித்த கயிறுகளும் அப்படியே. வளையல், மெட்டி, மூக்குத்தி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உலோகம் உடம்பில் இருந்தால், மின்சாரச் சூட்டால் ரத்தக் கசிவை நிறுத்தும் காட்டரி கருவியால் அந்த இடத்தில் சூடு படும் அபாயமும் உண்டு.

தாலியைக் கழற்றச் சொல்வதுதான் எங்களுக்கும் கஷ்டமான வேலை. "சிஸ்டர், இதை மட்டும் விட்டுடுங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அதட்டினால் நடக்காது. மாமியாரையோ அம்மாவையோ உள்ளே கூப்பிட்டு, "இது உங்க கையில பத்திரமா இருக்கட்டும் பெரியம்மா, வெளியே வந்ததும் நீங்களே போட்டுவிடுங்க" என்றால், அவர்களே பொறுப்பெடுத்துக்கொள்வார்கள். இதுவும் தோலைத் தயார்செய்வதில் ஒரு பகுதிதான்.

குளித்த பிறகு துவைத்து வெயிலில் காயவைத்த துணியை உடுத்துங்கள். வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சிரங்கு, படர்தாமரை, வியர்க்குரு, கொசுக்கடி சொறிந்த புண் எது இருந்தாலும் மறைக்காமல் முன்கூட்டியே டாக்டரிடம் காட்டுங்கள்.

மேசையில் நடப்பது

மயக்கம் கொடுத்த பிறகு நடப்பதை நோயாளி பார்ப்பதில்லை. கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள்.

கையைக் கழுவி, ஸ்டெரைல் கையுறை போட்டவர் நீளமான ஸ்பாஞ்ச் ஹோல்டரின் நுனியில் மடித்த காஸ் துணியைக் கவ்விக்கொள்வார். பக்கத்தில் கிண்ணத்தில் மருந்து. காஸை முக்கி, சொட்டாதபடி கிண்ணத்தின் விளிம்பில் அழுத்திப் பிழிவார். தொப்புளை முதலில் தனிக் காஸால் சுத்தம் செய்து, அந்தக் காஸைத் தூக்கிப் போட்டுவிடுவார். பிறகு வெட்டப்போகும் கோட்டிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாகப் போவார். ஓரத்துக்குப் போன காஸ் மறுபடி நடுவுக்கு வரக்கூடாது. வந்தால் ஓரத்து அழுக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்ததாகிவிடும். அந்தக் காஸைப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று எடுப்பார். தொடையிடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் எல்லாம் கடைசியில். குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால் என்றால் பூசினால் மட்டும் போதாது. முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் தோல்வரிகளுக்குள் இறங்கும்.

எவ்வளவு தூரம் பூசுவது? வெட்டு பெரிதாக்கவேண்டி வரலாம். குழாய் வைக்கப் பக்கத்தில் இன்னொரு துளை போடவேண்டி வரலாம். அதற்கெல்லாம் இடம் விட்டுத் தாராளமாகப் பூச வேண்டும். நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் நிறமில்லாத மருந்து எங்கே பட்டது, எங்கே விட்டது என்று தெரியாது. ஆரஞ்சு நிறம் சேர்த்த மருந்து வருவது இதற்காகத்தான். விளக்கை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்து, விட்டுப்போன திட்டு இருந்தால் அங்கே மறுபடி பூசச் சொல்வேன். டாக்டர் அவசரத்தில் இருந்தாலும் சொல்வேன்.

எந்த மருந்து?

கிருமியைக் கொன்றுவிட்டுக் கத்தி வைக்கலாம் என்ற எண்ணத்துக்கே வயது நூற்று அறுபதுதான். கிளாஸ்கோ நகர மருத்துவமனையில் 1865 ஆகஸ்ட் 12 அன்று, வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு வெளியே தெரிய முறிந்த ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையனுக்கு, ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியால் கட்டுப் போட்டார். அப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பதுதான் அன்றைய வழக்கம். பையனின் புண் பழுக்கவில்லை. ஆறு வாரத்தில் காலோடு வீட்டுக்குப் போனான். 1908-ல் அந்தோனியோ கிராசிச் வெட்டும் இடத்தில் டிங்சர் அயோடின் பூசும் முறையைக் கொண்டுவந்தார். எரிச்சல் குறைந்த போவிடோன் அயோடினும், குளோர்ஹெக்சிடினும் 1950-களில் வந்தன. போவிடோன் அயோடினை நாம் எல்லோரும் பெட்டாடின் என்றே சொல்கிறோம்.

இந்த இரண்டில் எது மேல் என்று உலகமெங்கும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் 849 பேரிடம் நடந்த ஆய்வில், குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால் பூசியவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும், தண்ணீரில் கரைத்த போவிடோன் அயோடின் பூசியவர்களில் 16.1 சதவீதம் பேருக்கும் தொற்று வந்தது. 2016-ல் சிசேரியன் பெண்களிடம் நடந்த ஆய்வில், இரண்டு மருந்தையுமே ஆல்கஹாலில் கலந்து பூசினார்கள். குளோர்ஹெக்சிடினுக்கு 4 சதவீதம், அயோடினுக்கு 7.3 சதவீதம். குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது இப்படிப்பட்ட சான்றுகளைப் பார்த்துத்தான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 22 சதவீதம் என்று மேலே சொன்ன ஏழு நாட்டு ஆய்வு, ஆல்கஹாலில் கலந்த குளோர்ஹெக்சிடினையும் சாதாரண பெட்டாடினையும்தான் ஒப்பிட்டது. பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2024-ல் எலும்பு முறிவு ஆபரேஷன்களில் நடந்த ஆய்வில், தோல் கிழியாத முறிவுகளுக்கு ஆல்கஹாலில் கலந்த அயோடின் மருந்து சற்று மேலாக இருந்தது: அயோடினுக்கு 2.4 சதவீதம், குளோர்ஹெக்சிடினுக்கு 3.3 சதவீதம். அதே ஆண்டு சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில், ஆல்கஹாலில் கலந்த இரண்டு மருந்தும் ஏறத்தாழ சமம்.

தியேட்டரில் நிற்கிற எனக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம்: பெட்டாடின் மட்டுமே உள்ள சிறு மருத்துவமனை மனம் தளர வேண்டாம், ஆல்கஹால் கலந்தது கிடைத்தால் அதை எடுங்கள், எதை எடுத்தாலும் முறையாகப் பூசுங்கள்.

எங்கே எதைப் பூசக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுக்கும். நடுக்காதுக்குள் போனால் கேட்கும் திறனைப் பாதிக்கும். கண் ஆபரேஷனுக்கு 5 சதவீத போவிடோன் அயோடின் சொட்டுதான். குறைமாதக் குழந்தைகளின் மெல்லிய தோல் ஆல்கஹால் கலந்த மருந்தால் வெந்துபோகும். "மீன் எனக்கு ஒத்துக்காது, அயோடின் போடாதீங்க" என்று கடற்கரை ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. மீன் ஒவ்வாமைக்கும் அயோடினுக்கும் சம்பந்தமில்லை. அது மீனின் புரதத்தால் வருவது. ஆனால் முன்பு பெட்டாடினோ வேறு மருந்தோ பூசி உங்களுக்குத் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். குளோர்ஹெக்சிடினாலும் அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வரும்.

காயட்டும்

மருந்து பூசியதும் கத்தி வைத்துவிடலாம் என்றுதான் கை பரபரக்கும். வெளியே நான்கு பேர் காத்திருக்கிறார்கள், மயக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் மருந்து பட்டவுடனே கிருமி செத்துவிடாது. அதற்கு அவகாசம் வேண்டும். பெட்டாடினைத் துடைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் தானாகக் காயவிட வேண்டும். ஆல்கஹால் கலந்த மருந்து முடியில்லாத தோலில் காயக் குறைந்தது மூன்று நிமிடம் பிடிக்கும். முடி அடர்ந்த இடத்தில் இன்னும் வெகுநேரம் ஆகலாம்.

ஆல்கஹால் காயாமல் காட்டரி வைத்தால் தீப்பிடிக்கும். அந்தத் தீயின் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. மருந்து வழிந்து முதுகுக்கு அடியில் குளம் கட்டினால், தோல் மணிக்கணக்கில் அதில் ஊறி வெந்துபோகும். இதனால் பூசுவதற்கு முன் இருபக்கமும் துணி சொருகி, பூசிய பிறகு ஈரமான துணியை உருவி எடுத்துவிடுகிறோம். இடுப்புக்கு அடியில் கைவிட்டுப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் பச்சைத் துணி போர்த்துவோம்.

இந்த மூன்று நிமிடத்துக்குக் காசு இல்லை, கருவி இல்லை. காத்திருக்கும் மனம் மட்டும் வேண்டும். எந்த ஊர் மருத்துவமனையும் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் இது.

தோலுக்கு அப்பால்

தோல் மட்டும் சுத்தமாக இருந்து, உள்ளே உடம்பு தயாராக இல்லை என்றால் பயனில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்; கூடினால் வெள்ளணுக்கள் கிருமியோடு சரியாகப் போராடாது. புகைபிடிப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்னதாக நிறுத்தினால் புண் நன்றாக ஆறும். தேவைப்படும் ஆபரேஷன்களுக்கு ஆன்டிபயாடிக் ஊசியைக் கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும். வெட்டும்போது மருந்து ரத்தத்தில் இருந்தாக வேண்டும் என்பதே நோக்கம். ஆபரேஷன் முடிந்த பிறகு, தொற்று வராமல் இருக்க என்று நாள்கணக்கில் தொடர்வது தேவையில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். "வீட்டுக்கு மாத்திரை எழுதிக் கொடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். இதய, மூட்டு ஆபரேஷன்களுக்கு முன் சில மருத்துவமனைகளில் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதிப்பார்கள்; ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இருந்தால் முபிரோசின் களிம்பு தருவார்கள். நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தக் களிம்பும் குளோர்ஹெக்சிடின் சோப்புக் குளியலும் சேர்ந்து அந்தக் கிருமியால் வரும் தொற்றை 7.7 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைத்தன.

வீட்டுக்குப் போன பிறகு

தொற்று பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகுதான் தலைகாட்டும். முதல் 30 நாள் கவனமாக இருக்க வேண்டும். வலை, பிளேட், மாற்று மூட்டு வைத்திருந்தால் 90 நாள். வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடுவது, புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாவது, வீக்கம், சீழோ நாற்றமுள்ள நீரோ கசிவது, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்கு வாருங்கள். மஞ்சள், காபித்தூள், பக்கத்து வீட்டார் சொன்ன பொடி எதையும் புண்ணில் வைக்காதீர்கள். புண்ணைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் நாள் குறித்திருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். குளியல் எப்போது, எந்த சோப்பு? முடியை எடுக்க வேண்டுமா, எடுத்தால் கிளிப்பராலா? ஆன்டிபயாடிக் ஊசி எப்போது போடுவீர்கள்? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். நல்ல மருத்துவமனையில் இந்த மூன்றுக்கும் பதில் உடனே கிடைக்கும். பதில் இல்லாத இடத்தில், உங்கள் கேள்வியே அவர்களை அதைப் பற்றி யோசிக்க வைக்கும். பிளேடை மட்டும் வாங்காதீர்கள். சோப்பையும் துவைத்த துணியையும் எடுத்து வையுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.